அல்பேனியாவில் ஒரு மலிவு வீடு

ஜேர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற பிலோமினாவுக்கு, அல்பேனியாவுக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தது. ஜேர்மன் ஓய்வூதியத்தில் அங்கே வசதியாக வாழலாம் என்று சொன்னவன், முன்பு அடுத்த வீட்டில் இருந்து, பிறகு தாயோடு அங்கு போய்விட்ட றொனால்ட். விடுமுறைக்கு வந்தவன், அவள் வீட்டில் தேநீர் குடித்தபடி கைபேசியில் படங்கள் காட்டினான்.

ஒன்றில் ஒரு பெண் அவன் தாயின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் இந்தப் பிள்ளை?”

“பேர் வாயில வராது அக்கா. அதுகள் சரியான மலிவு. பீ மூத்திரம் அள்ளத்தானே, எவளும் செய்வாள்.”



“நானும் அதைத்தான் அள்ளினனான், றொனால்ட்.”

“நீங்கள் வேற, அக்கா” என்று இளித்தான்.

அவன் பாதி குடித்த தேநீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். அவனுடைய கோட்டை நீட்டினாள்.

“வெளிக்கிடு.”

அல்பேனியாப் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவேயில்லை.