துடைக்கக் கூடாத வாய்

என் நாத்தனார் பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்து நான்கு வயதில் முப்பது கிலோமீட்டர் கடலை நீந்திக் கடக்கப் போகிறாள். அரை மணிக்கு ஒருமுறை படகிலிருந்து நீளக் கம்பில் கிண்ணத்தை மாட்டி, மசித்த வாழைப்பழம் நீட்டுவது என் வேலை. வழியில் யார் கை பட்டாலும் அந்த நீச்சல் செல்லாது.

நான் நாற்பது வருடம் நோயாளிகளுக்கு ஊட்டியவள். முதல் ஒத்திகையில் கிண்ணம் காலியானதும், கம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, படகை ஒட்டி மிதந்தவளின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டேன்.

"போச்சு அண்ணி! நிஜ நாளா இருந்தா அவ்வளவுதான்."

"தாடையில வழிஞ்சுதே."

"சுத்தி இவ்வளவு தண்ணி இருக்கு, அது கழுவாதா?"

அடுத்த ஞாயிறும் துடைத்தேன்.

"இன்னொரு தடவை துடைச்சீங்க, எங்க கண்டக்டரைக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாள்.

டிக்கெட்டையே ஒழுங்காக நீட்டத் தெரியாத மனுஷன் அவர். அவரிடம் இவளை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் ஞாயிறு துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டு முடித்தாள். தாடை நிறைய வாழைப்பழம். என் கை பரபரத்தது.

"நீயே துடைச்சுக்கோடி!" என்று கத்தினேன்.

முகத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சிரித்தாள். "அடுத்த மாசம் படகுல நீங்கதான் அண்ணி."