மேடையில் கேட்காத மன்னிப்பு

உயிரியல் ஆசிரியைக்கு மாணவிகள் சூட்டிய பெயர் 'ஒலிபெருக்கி'. அது அவருக்கும் தெரியும், "மைக் செலவு மிச்சம்தானே?" என்று அவரே சிரிப்பார். பள்ளியில் கேலி, சீண்டல்களைத் தடுக்கும் குழுவின் பொறுப்பு அவரிடம் வந்தபோது ஒருவரும் வியக்கவில்லை. மனம் வாடிய பிள்ளையை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைக் காட்டியபடியே பேச வைப்பது அவரது முறை. கண்ணைக் குழாயில் பதித்திருக்கும் பிள்ளை எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

அப்படித்தான் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாய் திறந்தாள். அவளது திக்குவாயை இரு வகுப்புத் தோழியர் தினமும் நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்துவந்தனர். ஆசிரியை நெகிழ்ந்தார். நெகிழ்ச்சி அவரிடம் உள்ளே தங்குவதில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி, துணிந்து சொன்னதற்காகப் பாராட்டிக் கைதட்டச் செய்தார். மதியத்துக்குள் அவளுக்குப் 'புகார்ப்பெட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. வேறு பள்ளியில் சேர்க்கப்போவதாகத் தாய் தொலைபேசியில் சொன்னார்.

அன்று மாலையே ஆசிரியை அவர்கள் வீட்டுக்குப் போனார். தையல் வேலை செய்யும் தாய் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"நல்லதுதான் நினைச்சீங்க டீச்சர். ஆனா புண்ணுக்கு மருந்து போடுறேன்னு ஊரையே கூட்டிக் காட்டிட்டீங்களே."

"தப்புதாம்மா. நாளைக்கு அதே மேடையில மன்னிப்பு கேட்டுடறேன். பேச்சுகூட தயார் பண்ணிட்டேன்."

உள்ளறைக் கதவு படாரெனத் திறந்தது. "ஐயோ மிஸ்! ம...மறுபடியுமா?"

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை.

"என்னைப் பத்தி யா...யாருகிட்டயும் பேசாதீங்க. உங்களால முடிஞ்சா வரேன்."

"தூக்கத்துலகூட பேசுறவ நான், கண்ணு."

"அப்ப வேற ஸ்கூலுக்கே போறேன்."

"இல்ல, இல்ல! வாயே திறக்க மாட்டேன். அந்த ரெண்டு பேருகிட்ட மட்டும் பேசலாமா?"

அவள் உள்ளறைக் கதவைத் தொட்டுக்காட்டினாள். "க...கதவைச் சாத்திட்டு."

மறுநாள் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, அவ்விருவரையும் பெற்றோருடன் தனித்தனியே அமர வைத்துப் பேசினார்.

"சும்மா விளையாட்டுக்குத்தான் மிஸ்," என்றாள் ஒருத்தி.

"சேர்ந்து சிரிச்சாதான் விளையாட்டு. அவ சிரிச்சாளா?"

அருகிலிருந்த தந்தை மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரக் காலைக் கூட்டத்தில் வரிசையின் கடைசியில் அவள் நின்றிருந்தாள். மேடையிலிருந்த ஆசிரியை பார்த்துவிட்டார். மகிழ்ச்சி தொண்டைவரை ஏறியது. இறக்கி வைக்க இடமில்லை. எனவே, தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கப்பட்ட அறிவிப்பைப் போர் வென்ற செய்தியைப்போல் முழங்கித் தீர்த்தார். பள்ளியே ஒன்றும் புரியாமல் விழித்தது. கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.