நான் சொன்ன நல்ல சாட்சி

போன வாரம் குன்னூருக்குப் போகும்போது மலையடிவாரச் சோதனைச் சாவடியில் எங்கள் வாடகைக் காரை நிறுத்தினார்கள். இப்போதெல்லாம் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். நான் எடுக்கவில்லை. கோயம்புத்தூருக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகியும், சொந்த மலைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

"எத்தன நாள் தங்குவீங்க சார்?" என்றாள் அங்கு நின்ற பெண். நான் விழித்துக்கொண்டிருக்க, டிரைவர் தலையை நீட்டினார். "ஏனுங்க, இவரு குன்னூர்க்காரருங்க. பல வருசமா எனக்குத் தெரியுமுங்க." அவள் சிரித்துவிட்டு, அங்கேயே பதிந்துகொண்டு வழிவிட்டாள்.

நான் கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்துவிட்டேன். டிரைவர் ஏதோ மயக்கம் என்று நினைத்து, டப்பாவைத் திறந்து எங்கள் மலை பிஸ்கட்டான வர்க்கி ஒன்றை நீட்டினார். அந்த நெய் வாசனையில் இன்னும் மோசமானேன். ஏனென்றால் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் நான் ஒருவருடைய வீட்டைப் பறித்தேன்.

ஹெலன் அம்மா இங்கிலாந்துக்காரர். கணவர் இறந்தபின் தனியாக வந்து, குன்னூருக்குப் பக்கத்தில் கேத்தியில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பதினேழு வருடம் இருந்தார். பின்புறம் நான்கு பாத்தி கேரட். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் கற்ற தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் பக்கத்து அம்மாள் யாரோ என்றுதான் நினைப்பீர்கள். இருப்பது சுற்றுலா விசாவில். ஆறு மாதத்துக்கு மேல் ஒரேயடியாகத் தங்கக் கூடாது. அதனால் கெடு முடிவதற்குள் ரயிலேறி நேபாள எல்லைக்குப் போய், அந்தப் பக்கம் ஓர் இரவு தங்கி, புது முத்திரையோடு திரும்புவார். நான் குன்னூரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடும் பையனாக இருந்தேன். அவருக்கு முழங்கால் வலி அதிகமான வருடம், "கூடப் போயிட்டு வா" என்று முதலாளி என்னை அனுப்பினார்.

அதுவரை நான் ஈரோட்டைத் தாண்டியதில்லை. மே மாத வடநாட்டுக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் எடுத்துப்போனேன் என்றால் என் சூட்டிகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மலைக்காரர்கள் சொர்க்கத்துக்குக் கிளம்பினாலும் ஸ்வெட்டரோடுதான் கிளம்புவார்கள். கோரக்பூரில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஹெலன் அம்மா மடியில் வர்க்கி டின்னை வைத்துக்கொண்டு சிரி சிரி என்று சிரித்தார்.

எல்லை என்றால் முள்வேலி, துப்பாக்கி என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு கடைவீதி, நடுவில் ஓர் அலங்கார வளைவு, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டே இல்லாத நான் வாக்காளர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காய்கறி வாங்கப் போகிறவன் போல நேபாளத்துக்குள் நடந்தேன். அவருக்குத்தான் வரிசை, படிவம், முத்திரை எல்லாம்.

மறுநாள் காலை திரும்பினோம். நம் பக்கத்து அதிகாரி பாஸ்போர்ட்டை மெதுவாகப் புரட்டினார். பக்கம் பக்கமாக அதே எல்லையின் முத்திரைகள். "சுற்றுலாப் பயணியா? ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம் என்னதான் பார்க்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹெலன் அம்மா பதிலை யோசித்தார். நான் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் பேங்க் ஆகட்டும், மின்வாரிய ஆபீஸ் ஆகட்டும், காரியம் சிக்கினால் தெரிந்தவர் ஒருவர் முன்னே போய், "நம்ம ஆளுங்க, ரொம்ப வருசமா இங்கதானுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் நடக்கும். அந்தத் தைரியத்தில் என் ஓட்டை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். அவர் எங்கள் ஊர்க்காரர், பதினேழு வருடமாக எங்களோடு இருக்கிறார், வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அங்கேயே வசிக்கிறாரா?"

"ஆமாம் சார், வசிக்கிறார்!" என்றேன், மலர்ந்த முகத்தோடு.

அதிகாரியைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுற்றுலா விசாவில் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். நான் சாட்சியே சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் அனுமதி மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் விதை ஊன்றிவிட்டு வந்தவர், வாசல் பல்பைக்கூட அணைக்காமல் வந்தவர், இனி அந்த வாசலுக்கே போக முடியாது. நம்பவே முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

ஹெலன் அம்மா வீட்டுச் சாவியையும் வர்க்கி டின்னையும் என் கையில் வைத்தார். "அழுவாதீங்க தம்பி. நீங்க உள்ளதத்தானுங்க சொன்னீங்க. கேரட்டுக்கு மட்டும் தண்ணி உடச் சொல்லிருங்க." பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வளைவை நோக்கி நொண்டி நொண்டி நடந்தார். எனக்குத் தடையில்லை, கூடப் போயிருக்கலாம். போகவில்லை. எழுபது வயதுக்காரரைப் பை சுமக்க விட்டுவிட்டு நின்றேன்.

இங்கிலாந்திலிருந்து இரண்டு முறை விசா கேட்டார், கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "கேத்தில மழைங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பெய்யாத நாளிலும் பெய்கிறது என்பேன். ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

போன வாரம் கேத்தி வழியாகவும் போனோம். ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி இருக்கிறது. மூன்று நாள், நான்கு நாள் தங்க வருகிறவர்களுக்கு. கேரட் பாத்தி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.