தமிழில் கேட்டான், கொடுத்தேன்

நம்மூரில் ஆபீசுக்கு மனுஷர் போவார்கள். பெங்களூரில் ஆபீஸ் வீட்டுக்கு வருகிறது. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மகள் செல்வி லாப்டாப்பைத் திறந்துவிட்டால் நான் மிக்சி போடக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே வந்து முப்பது வருஷம். படிப்பு அஞ்சாவதோடு சரி. கன்னடம் காதுக்குப் புரியும், பேச வெட்கம். ஊரில் என்னைப் பெரிம்மா என்பார்கள். இங்கே எல்லாருக்கும் ஆண்ட்டி.

அன்றைக்குச் செல்வி குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் விடாமல் அடித்தது. எடுத்து, யாருப்பா என்றேன்.

"பெரிம்மா, நல்லாக்கீறீங்களா? செல்வி அக்கா ஆபீஸ்லருந்து பேசறேன். நானும் குடியாத்தந்தான்."

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. சாப்பிட்டியாப்பா என்று கேட்டேன்.

"இனிமேதான் பெரிம்மா. போன்ல ஆறு நம்பர் வந்துக்கீது பாருங்க, படிங்க. அக்கா லாப்டாப்ப சரி பண்ணிடறேன்."

ஒவ்வொன்றாகப் படித்தேன். தப்பில்லாமல் படித்ததில் கொஞ்சம் பெருமைகூட.

மத்தியானத்துக்குள் எவனோ செல்வி பேரில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டான். நம்பரை அவளே கொடுத்தாள் என்று ஆபீசில் சந்தேகம். வேலை போய்விடும் நிலைமை.

"ஊரு பேரு, உன் போட்டோ எல்லாம் நாந்தானே நெட்ல போட்டேன்," என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தனை பூட்டு போட்டு வெச்சிருக்காங்க. பெரிம்மான்னு ஒரு வார்த்தை, நீ சாப்பாடே போட்டிருப்ப!"

மறுநாள் லாப்டாப்பிலேயே விசாரணை. "நீ வராதம்மா, திணறுவ" என்றாள். போய் அவள் பக்கத்தில் நின்றேன். திரையில் ஒரு கன்னட மேடம், ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்: "யாக் கொட்ரி அம்மா?"

"தமிளல்லி கேளித்ரு" என்றேன். தமிழில் கேட்டார்கள்.

"ஓ, கன்னட பரல்வா?" என்று மேடம் பரிதாபப்பட்டு, அம்மாவுக்குக் கன்னடம் வராது என்று எழுதிக்கொண்டார். நான் சொன்னது அதில்லை. கன்னடத்தில் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கவே மாட்டேன். அதை விளக்குகிற அளவுக்குக் கன்னடம் வாயில் வரவில்லை. கொடுத்தது நான்தான் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. எழுதிக் கொடுத்த ஓர் எச்சரிக்கையோடு செல்வி தப்பினாள்.

போன வாரம் என் போனில் ஏதோ புது நம்பர். "பெரிம்மா..." என்றது ஒரு குரல்.

"தமிள் கொத்தில்லா" என்றேன், தமிழ் தெரியாது என்று. கொஞ்சமும் திணறவில்லை.

"சாரி மேடம்" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் ஊரிலிருந்து தங்கச்சி பேசினாள். அவள் பையன் புது சிம் வாங்கியிருக்கிறானாம்.

"மொதல்ல உனக்குத்தான் போட்டான்க்கா. யாரோ கன்னடத்துப் பொம்பள எடுத்துச்சாம்."