சுவருக்கு மேலே போன பேச்சு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வெலிமடையிலிருந்து லீக்ஸ், கரட் என்று காய்கறி ஏற்றிப் பதுளைக்கு வரும் லொறிகளில் பாதி என்னுடையவை. மூட்டை தூக்கித் தூக்கிச் சேர்த்தது. உழைத்தவனே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

என் அண்ணன் மட்டும் நமுனுகுலவில், நாங்கள் பிறந்த லயத்திலேயே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டிலேயே இருந்துவிட்டார். தோட்ட வேலையை விட்ட பிறகும் சும்மா இராமல் விறகுக்கு மரமேறி, கிளையோடு விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. நெஞ்சில் சளியும் கட்டியது. ஆபரேஷன் தாங்காது, இனி வலியில்லாமல் வைத்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார் டாக்டர். என் மாடி வீட்டில் அறை ஒதுக்கிக் கட்டிலும் வாங்கிப் போட்டேன். அண்ணன் லயத்துக்கே போக வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார்.

லயத்து அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் வெளி. கருவாட்டு வாசமும் சண்டையும் அதன் வழியாகத்தான் போய்வரும். சின்ன வயதில் அடுத்த வீட்டுப் பிள்ளை அடி வாங்கி அழுதால், எங்கள் அம்மா அடுப்படியிலிருந்தே, "போதும், விடு தங்கச்சி!" என்பாள். அடி நின்றுவிடும். அந்த மாதிரி வசதி என் மாடி வீட்டில் இல்லை.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன் கிடந்தான். எல்ல ஊருக்குப் போகும் பாதையில் ஆட்டோ கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். இருவர் தலைமாடும் ஒரே சுவரில். வலிமருந்து கொடுக்கவும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித் தரவும் ஒரு நர்ஸ் இரண்டு வீட்டுக்கும் வந்துபோவார். மிஸ்ஸி என்போம்.

"பெரியப்பா, மிஸ்ஸி இன்னிக்கு யார மொதல்ல பாத்தாங்க?"

"என்னயத்தான். அழகன் இருக்கயில ஒன்னய ஏன்டா பாக்கணும்?"

"அழகனுக்குக் காஞ்ச கெள எது, பச்சக் கெள எதுன்னு தெரியலயே!"

"வளைவு தெரியாம ஆட்டோ ஓட்டுனவன் பேசுறான் பாரு!"

மழைக்காலம் தொடங்கியதும் அண்ணனுக்கு இருமல் கூடியது. குளிர் அந்த வெளி வழியாக இறங்குகிறதென்று எனக்குப் பட்டது. நான் யோசித்துக்கொண்டு நிற்கிற ஆளில்லை. அதை அடைக்க மறுநாளே பலகை ஏற்றி, பாஸ் என்று நாங்கள் சொல்லும் தச்சனையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

"பாஸ அனுப்பிரு தம்பி," என்றார் அண்ணன்.

"குளிருதுல்லண்ணே. அவனோட பேச நல்ல போனா வாங்கித் தர்றேன்."

கையசைத்துக் குனியச் சொன்னார். காதோடு சொன்னார்: "அவன் ராவுல அழுவுறான்டா. அழுதா நான் இருமுவேன். ஒடனே நிறுத்திப்புட்டு, 'பெரியப்பா, தூங்கலியா'ன்னு கேப்பான். அப்புறம் பேசிக்கிட்டே கெடப்போம். போன்ல அது நடக்குமா?"

அதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்ன ரகசியம் அங்க? மொதலாளி சித்தப்பா என்ன சொல்றாரு?"

"ஒனக்குப் பொண்ணு பாக்கச் சொன்னேன்டா."

"ஓடாத பொண்ணா பாக்கச் சொல்லுங்க. என்னால தொரத்த முடியாது!"

பலகை வந்த லொறியிலேயே திரும்பிப் போனது. கூரைத் தகரத்து ஓட்டைகளை அடைக்கச் செய்தேன். நுவரெலியாவில் கிடைக்கிற மிகத் தடித்த கம்பளியாக இரண்டு வாங்கினேன், அவனுக்கும் ஒன்று. சுவரைத் தொடவில்லை.

கடைசியில் அண்ணனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. வலி இல்லாமல் மிஸ்ஸி பார்த்துக்கொண்டார். அவன் மட்டும் விடாமல் வம்புக்கிழுப்பான். பதில் போகாவிட்டால் பயந்துவிடுவான் என்று அண்ணன் கண் என்னைப் பார்க்கும். லொறிகளை மகன்களிடம் விட்டுவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்து, அண்ணனுக்காகப் பதில் சொன்னேன்.

"என்ன சித்தப்பா, எங்க பெரியப்பா இவ்வளவு மெதுவாவா ஏசுவாரு?"

பதுளைச் சந்தையில் என் ஏச்சுக்கு ஒரு பெயர் உண்டு. லயமே கேட்கிற மாதிரி ஏசினேன். சுவருக்கு அப்பால் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்தப் பக்கம் அண்ணன் உதடும் விரிந்தது.