வீதி கூட்டணம்

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து மலையாளச் சீமையின் ஆரியசாலைக்கு நான் வந்த புதிது. ஒரு நாள் காலையில் சர்க்கார் ஓவர்சியர் சங்கிலி பிடித்துத் தெருவை அளந்தார். எங்கள் வரிசைச் சுவர்களில் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டார். எதிர்வரிசை மொத்த வியாபாரியின் சரக்குக் கிட்டங்கிச் சுவரில் ஒரு கோடும் இல்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

என்னைப் பார்த்து, "இவிட வீதி கூட்டணம்" என்றார்.

சுருக்கென்றது. விடியற்காலையில் கூட்டிக் கோலம் போட்ட வாசல் அது. விளக்குமாற்றை எடுத்துவந்து அவர் காலடிவரை இன்னொரு தரம் கூட்டினேன். சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஏட்டி, மலையாளத்துல வீதின்னா அகலம். ரோட்டை அகலமாக்கப் போறான். அந்தக் கோடு வரைக்கும் இடிப்பான்."

"அப்ப எதிர்வரிசை?"

"அதைக் கேட்டா நம்ம கோட்டை இன்னும் உள்ள தள்ளிப் போடுவான். பேசாம இரு."

மழைக்கு முன்பே எங்கள் முன்கட்டை இடித்தார்கள். செங்கல்தூளை அதே விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். கிட்டங்கி நிழலில், அந்த வியாபாரியின் நாற்காலியில் உட்கார்ந்து ஓவர்சியர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.