முப்பது நாள் தீவுக்கு இரண்டு சம்பந்திகள்

விசா வேலை என்பது, நாம் போகாத ஊருக்கு அடுத்தவர்களுக்கு வழி சொல்லியே பிழைக்கும் தொழில்.

என்னைப் போலவே பாஸ்போர்ட், டிக்கெட், விசா என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் சக துன்பப் பிறவிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. என் கடை ஆண்டர்சன்பேட்டையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். காலையில் பன் வாசனையும் பனியும் சேர்ந்தே ஜன்னல் வழியாக உள்ளே வரும். தூரத்தில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வெள்ளையாக நிற்கும். கம்ப்யூட்டரில் மாலத்தீவின் தண்ணீர் நீலமாகக் கிடக்கும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் அரைத் தூக்கத்தில் அந்த மேட்டின் அடியில் அலை வந்து மோதுவது போலவே இருக்கும். நான் விமானத்தில் ஏறியதில்லை. கடலைப் பார்த்ததும் சென்னையில் ஒரே தடவைதான், அதுவும் சுண்டல் விற்பவர்களுக்கு நடுவில். ஆனால் அந்தத் தீவுகளுக்குள் எப்படி நுழைவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டோக்கன் இல்லாத கேஜ்

ஊரிகத்து பிலோமினா அக்கா ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவர். விடியும் முன் ரயில் ஏறி, இருட்டிய பின் இறங்குகிறவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமையில்தான் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்க்க முடியும். அப்படி ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். மகள் ரெஜினா மாலத்தீவில் நர்ஸ். தலைப்பிரசவம். இனி விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் பிரசவத்துக்கு எங்கம்மா வரல. யாரோ ஒரு நர்ஸு கையப் புடிச்சிக்கினு கத்தினேன். என் பொண்ணு கத்தறப்ப நான் பக்கத்துல இருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதானே என்று நான் உற்சாகமாக ஒப்பித்தேன். இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே வாங்கத் தேவையில்லை. போய் இறங்கினால் முப்பது நாளுக்கு முத்திரை குத்துவார்கள், அதற்குக் காசு கிடையாது. காலாவதி ஆகாத பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுக்குப் பணம், இவை இருந்தால் போதும். கிளம்பும் முன் ஆன்லைனில் ஒரு விவரப் பதிவு உண்டு, அதை நான் செய்து தருகிறேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நம்மவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது எதுவும் பிடிக்காது. அவருடைய அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் ஆள். அந்தக் காலத்தில் மேலேயே பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கேஜ் என்கிற கூண்டில் ஏறிக் கீழே இறங்குவார்கள். அக்கா பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"டோக்கன் வாங்காம எவன்டி கேஜ்ல ஏறுவான்? கீழ போயி இறங்கு, அங்க தரேன்னு சொன்னா எங்க நைனா நம்பியிருப்பாரா?"

முப்பது நாளை எங்கே வைப்பது

நம்ப வைத்தேன். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. முத்திரை முப்பது நாளுக்கு. அங்கேயே விண்ணப்பித்து நீட்டிக்க வழி இருக்கிறது, ஆனால் கேன்டீன் மேனேஜர் லீவை நீட்டிக்க மாட்டார். அவர் கொடுத்ததும் ஒரே ஒரு மாதம். டாக்டர் ஒரு தேதி குறித்திருக்கிறார். குழந்தையோ அந்தத் தேதியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

முன்னாடியே போய்விட்டால் குழந்தை தாமதித்தால் பார்க்காமல் திரும்ப வேண்டும். பின்னாடி போனால் குழந்தை முந்திக்கொண்டால் ரெஜினா தனியாகக் கத்துவாள். மாப்பிள்ளை கார்த்திக் வேறொரு தீவில் ரிசார்ட்டில் வேலை, படகு பிடித்துத்தான் வர வேண்டும். அக்கா என் காலண்டரை ஆணியோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தேதிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். கீழே பேக்கரியில் அடுப்பு அணைந்து, பனி விலகி, மத்தியான வெயில் வந்து காலண்டர் மேல் விழுந்தது. நானும் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றும் தண்ணீர் நடுவில் ஒரு குட்டித் தீவு மாதிரி தெரிந்தது. எந்தத் தீவில் அந்தக் குழந்தை இறங்கப்போகிறதோ.

"எத்தினியோ பேருக்கு நீ தேதி போட்டுக் குடுக்கறே. இந்தப் புள்ளைக்கும் கம்ப்யூட்டர்ல பாத்து ஒரு தேதி சொல்லேன்" என்றார், கேலியாக இல்லை, கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

அடுத்த நாற்காலி

மறுநாளே நந்திதுர்க் சரோஜாம்மா வந்தார். மாலத்தீவு, மருமகள், தலைப்பிரசவம். எந்த மருமகள் என்று கேட்கத் தேவையே இல்லை. கார்த்திக்கின் அம்மா.

இந்த இரண்டு வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். கல்யாணம் கோயிலிலா சர்ச்சிலா என்று இழுத்து, கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் முடிந்தது. அன்றிலிருந்து சம்பந்திகள் பேசுவதில்லை. மார்க்கெட்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கத்தரிக்காயையும் இன்னொருவர் வானத்தையும் பார்ப்பார்கள். சரோஜாம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, தன் டிக்கெட்டைப் பற்றி அல்ல. "அந்தம்மா எந்தத் தேதி போட்டாங்க?" வாடிக்கையாளர் விவரம் வெளியே சொல்ல மாட்டேன் என்றேன். "அவங்க எனக்குச் சம்பந்தி, வெளியாளா?" என்றார். பேச மாட்டீர்கள், ஆனால் சம்பந்தியா என்று கேட்டுவிட்டேன். என் வாய் இப்படித்தான், வாடிக்கை போனாலும் அடங்காது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரெஜினாவின் கால் வீங்கியிருக்கிறதாம், வீடியோவில் பார்த்தாராம். சொல்லும்போது குரல் உடைந்தது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவரை ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு இருக்கவும் முடியாது. எனக்கு அப்போதுதான் சட்டென்று தோன்றியது. இரண்டு பேர், ஆளுக்கு முப்பது நாள். ரெஜினாவின் அம்மாவுக்கு முதல் முப்பது, டாக்டர் சொன்ன தேதி அதற்குள்ளேயே வருகிற மாதிரி. அவர் கிளம்பும் நாளில் இவர் இறங்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரு ராத்திரி கூடச் சேர்ந்து இருக்க வேண்டாம். சரோஜாம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஷிஃப்ட்டுன்னு சொல்லு கண்ணு! இத இன்னாத்துக்கு இவ்ளோ சுத்தி வளச்சி சொல்றே? அவங்க மொத ஷிஃப்ட்டு, நான் செகண்டு ஷிஃப்ட்டு."

பெட்டியில் ஏறாதவை

அக்காவும் இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டினார். கொண்டு போகக் கூடாதவற்றை இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். மது கூடாது, பன்றிக்கறி கூடாது, வழிபடும் சிலைகள் கூடாது. பிலோமினா அக்கா மகளுக்கென்று பன்றிக்கறி ஊறுகாய் போட்டு, கிறிஸ்துமஸுக்கு ஊறவைத்த ஒயினில் ஒரு பாட்டிலும் எடுத்துவைத்திருந்தார். ஊறுகாய் என் மேசை மேல் இறங்கியது. சரோஜாம்மா வெள்ளியில் சின்ன முருகர் வைத்திருந்தார். அவரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சாமி வேணாம், கறி வேணாம், ஒயினும் வேணாம். அப்போ அந்த ஊர்ல ஜனங்க பொழுதன்னிக்கும் இன்னாதான் பண்ணும்?" என்று அக்கா கேட்டார்.

நடந்தால் தீர்ந்துபோகும் ஊர்

போய்ச் சேர்ந்த வாரம் அக்கா வீடியோவில் கூப்பிட்டார். முத்திரை குத்திவிட்டார்களாம். பக்கத்தில் ரெஜினா, வயிறு மேசை மாதிரி நிற்க, மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். அக்கா செல்போனைத் திருப்பிக் கடலைக் காட்டினார். நான் கடையின் லைட்டை அணைத்துவிட்டேன். சுவரெல்லாம் நீலமாக அசைந்தது. இத்தனை பேரை அனுப்பிவைத்திருக்கிறேன், ஒருவர்கூட இப்படி நிதானமாக எனக்குத் திருப்பிக் காட்டியதில்லை.

காலையில் மகளை மெதுவாக நடத்திக் கூட்டிப் போவாராம். சாலை போய்க்கொண்டே இருக்கும், சட்டென்று தண்ணீர் வந்துவிடுமாம். திரும்பி வேறு பக்கம் நடந்தால் அங்கேயும் தண்ணீர். நம் ஊரில் மண்ணுக்கு அடியில் எத்தனை லெவல் போனாலும் முடியாத பாதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

"நடந்துக்கினே இருந்தேன்டி. ஊரு தீந்துபோச்சு" என்றார், ரகசியம் சொல்வது போல.

வந்த காரணம்

டாக்டர் சொன்ன தேதி வந்தது, போனது. குழந்தை வரவில்லை. அக்கா தினமும் கூப்பிட்டார். கடலைக் காட்டுவதை நிறுத்திவிட்டார். மேனேஜரிடம் என்னையே பேசச் சொன்னார், பேசினேன். வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிடுவதாகச் சொன்னார் அவர். முப்பது நாளும் தீர்ந்து, அக்கா கிளம்ப வேண்டிய நாளும், சரோஜாம்மா இறங்க வேண்டிய நாளும் வந்துவிட்டன.

அன்று மத்தியானம் வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி. சரோஜாம்மாவின் டிக்கெட் தாளில் என் எண் இருந்திருக்கிறது. எதற்காக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். நம் சரோஜாம்மாவுக்குச் சுரங்கத்து ஆங்கிலம் நன்றாக வரும். தைரியமாகச் சொல்லியிருக்கிறார்: "ஷிஃப்ட் டியூட்டி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கோயிங். ஐ செகண்ட் ஷிஃப்ட். தர்ட்டி டேஸ்." சுற்றிப்பார்க்கக் கொடுக்கும் அனுமதியில் ஒரு அம்மாள் வேலைக்கு வந்துவிட்டார் என்று அவர்கள் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதிகாரியைக் காத்திருக்கச் சொன்னேன். இன்னொரு போனில் அக்கா. ரெஜினாவை வீட்டில் விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு வந்து, வெளியே நிற்கிறார். இவர் உள்ளே போக வேண்டிய நேரம், அவர் வெளியே வரவில்லை. இரண்டு பேரும் இல்லாவிட்டால் அந்தப் பெண் தனி. "நீ இன்னா பண்ணுவியோ தெரியாது, சரோஜாவ வெளிய வர வை. அவங்க வராம நான் கெளம்ப மாட்டேன். வேலை போனா போவட்டும்" என்று அழுதார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். நான் அதிகாரியிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் எங்கள் ஊர், எங்கள் சுரங்கம், எங்கள் பேச்சு எல்லாவற்றையும் கொட்டினேன். எங்களுக்கு ஷிஃப்ட் என்றால் முறை, அவ்வளவுதான் ஐயா, ஒரு அம்மா போகிறார், இன்னொரு அம்மா வருகிறார், நடுவில் ஒரு குழந்தை வர வேண்டும். அந்தப் பக்கம் யாரிடமோ இதை விளக்குவது கேட்டது. பிறகு ஒரு சிரிப்புச் சத்தம், முத்திரை விழும் சத்தம்.

வாசலில் இருவரும் சந்தித்தது கொஞ்ச நேரம்தான். சரோஜாம்மா பிறகு எனக்குச் சொன்னார். வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. அக்கா அவர் கையில் வீட்டுச் சாவியை வைத்து அழுத்தி, இதை மட்டும் சொல்லிவிட்டு ஓடினாராம்:

"எடது பக்கமா படுக்க வைங்க. இடுப்புக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. பயந்துக்கறா, ஒண்டியா விடாதீங்க."

யார் முதலில்

அக்கா ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே ரெஜினாவுக்கு வலி எடுத்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியில், ஸ்டேஷனிலிருந்து திரும்பி, அக்கா என் கடைக்கு வந்தார். அவருடைய போனில் பாதித் திரைதான் தெரியும், என் கம்ப்யூட்டரில் பெரிதாகத் தெரியும் என்று. நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு நாளுடி. ஒரே ஒரு நாளு" என்றார். பன் வாங்கிவரச் சொல்லி வைத்தேன், தொடவில்லை. ஜன்னலில் பனி அடைத்துக்கொண்டு மேடும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் எங்கோ நடுத்தண்ணீரில் மிதப்பது போல் உட்கார்ந்திருந்தோம்.

அழைப்பு வந்தது. திரையில் முதலில் ஆஸ்பத்திரி ஜன்னலும், அதற்கு வெளியே கடலும்தான். சரோஜாம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை. "கடல காட்டாதீங்க! முப்பது நாளு பாத்துட்டேன். புள்ளய காட்டுங்க!" என்று அக்கா கத்தினார். திரை ஆடியது. ஒரு வெள்ளைத் துணி. அதற்குள் சிவப்பாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இந்த உலகத்தோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற மாதிரி ஒரு பெண் குழந்தை. ரெஜினா கத்தினாளா என்று அக்கா கேட்டார். கத்தினாள், என் கையை விடவே இல்லை, பாருங்க நகம் பதிஞ்சிருக்கு என்று சரோஜாம்மா மணிக்கட்டைக் காட்டினார். அக்கா திரையில் அந்த மணிக்கட்டைத் தொட்டார். எங்கே மாப்பிள்ளை, அவர் பார்த்தாரா என்று கேட்டார். சரோஜாம்மா குரலைத் தாழ்த்தினார்.

"கார்த்திக்கு கதவுக்கு வெளிய நிக்கிறான், இன்னும் அவனுக்கே காட்டல. நீங்க மொதல்ல பாருங்க, சம்பந்தி."

பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடம் எதையும் காட்டாமல் அந்தத் தீவுக்குள் நுழைந்த என் ஒரே வாடிக்கையாளர் அந்தக் குழந்தைதான், அவள் வெளியே வருவதற்கான பாஸ்போர்ட்டுக்கு இப்போது சம்பந்திகள் இருவரும் ஒன்றாக வந்து என் உயிரை எடுக்கிறார்கள்.